கூரைக்கு வெள்ளை அடிப்போம்

பகல் மணி இரண்டு. சித்திரை மாத வெயில். வீட்டுக்குள் ஓர் அறைதான். அதில் ஐந்து பேர். மின்விசிறி சுற்றுகிறது. ஆனால் காற்று அனல் போல வருகிறது. எட்டு மாதக் குழந்தை அழுகிறது. அதன் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பாட்டி ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

“உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி இருக்கிறதே” என்றாள் பாட்டி.

அடுப்பு எரியவில்லை. எரிந்தது கூரை.

இந்த வீடு அகமதாபாத் நகரில் இருக்கிறது. அகமதாபாத் குஜராத் மாநிலத்தின் பெரிய நகரம். சபர்மதி ஆறு அதன் நடுவே ஓடுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே ஒரு காலத்தில் துணி ஆலைகள் வரிசையாக இருந்தன. 1980களிலும் 1990களிலும் அவற்றில் பல மூடப்பட்டன. ஆலைத் தொழிலாளர்களின் குடும்பங்கள் பல அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டன. சின்னச் சின்ன வீடுகள். ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. சில வீடுகளுக்குத் தகரக் கூரை. சில வீடுகளுக்கு சிமென்ட் தளம் போட்ட மொட்டை மாடி.

அந்த ஊரில் 2010-ஆம் ஆண்டு மே மாதம் வெயில் 46.8 டிகிரி வரை போனது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள். வெயில் கொல்லும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. 2013-இல் மாநகராட்சி வெயிலைச் சமாளிக்க ஒரு திட்டம் போட்டது. 2017-இல் ஏழைகள் வாழும் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் தொடங்கியது. தெலுங்கானா மாநிலம் 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது.

வெள்ளை அடித்தால் என்ன ஆகும்? கருப்புக் குடை வெயிலில் எப்படிச் சுடும் என்று தெரியும். வெள்ளை வேட்டி அப்படிச் சுடாது. கருப்பு வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பிவிடும். பழைய சிமென்ட் தளம் பாசி படிந்து கருத்துப்போயிருக்கும். பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும். மாலையில் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கும். அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகும் அறைக்குள் புழுங்குகிறது. கூரைக்கு வெள்ளை அடித்தால் அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையலாம் என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எல்லா வீட்டிலும் ஒரே அளவு குறையாது. ஆனாலும் குழந்தை தூங்குவதற்கு அந்த மூன்று டிகிரி பெரிய விஷயம்.

பண்டிகை வந்தால் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். சுவரை நாலு பேர் பார்ப்பார்கள். கூரையை யார் பார்க்கிறார்கள்? வெயில்தான் பார்க்கிறது.

அந்த வீட்டு மருமகளுக்கு இந்தச் செய்தி பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. அங்கே சில கூரைகளுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அவள் உடனே நம்பவில்லை. சோதித்துப் பார்த்தாள். வீட்டில் கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தது. அதைக் கரைத்து மொட்டை மாடியில் ஒரு முறத்தின் அளவுக்குப் பூசினாள். மறுநாள் உச்சி வெயிலில் மாடிக்குப் போனாள். ஒரு காலை வெள்ளையில் வைத்தாள். மறு காலைக் கருத்த தளத்தில் வைத்தாள். கருத்த தளத்தில் வைத்த காலை உடனே எடுத்துவிட்டாள்.

“அத்தை, ஒரு தடவை மேலே வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டாள்.

பாட்டி குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். முறத்தளவு வெள்ளையைத் தடவினாள். பிறகு பக்கத்தில் தொட்டாள். “சரி, அடித்துவிடு. ஆனால் கூலி கொடுக்கப் பணம் இல்லை” என்றாள்.

கூலி வேண்டாம், நாமே அடிக்கலாம் என்றாள் மருமகள்.

தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது ஆண்டுகள் வெள்ளை அடித்த கை. இப்போது முதுமை. அவரிடம் போய்க் கேட்டாள். அவர் முதலில் சுண்ணாம்பைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசினார்.

“முதலில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் பக்கத்தில் வை. ஒரு சொம்பும் வை. அதை வேறு எதற்கும் தொடாதே. சுண்ணாம்பு அப்புறம்” என்றார்.

எதற்கு என்று அவள் கேட்டாள். “கண்ணுக்கு” என்றார்.

வேலைக்கு முன்பு தளத்தை அளந்தாள். நீளம் 12 அடி. அகலம் 10 அடி. பெருக்கினால் 120 சதுர அடி. இதைத் தன் நோட்டில் எழுதினாள். 3 கிலோ சுட்ட சுண்ணாம்பு போதும் என்று பெரியவர் சொன்னார். தளம் சொரசொரப்பாக இருந்தால் கூடக் கேட்கும். வழவழப்பாக இருந்தால் குறையும்.

சுண்ணாம்பு இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று கட்டியாக இருக்கும். அது சூளையில் சுட்டது. தண்ணீரில் போட்டால் கொதிக்கும். இன்னொன்று தூளாகப் பையில் வரும். அது ஏற்கெனவே நீற்றியது. கொதிக்காது. ஆனால் கண்ணில் பட்டால் இரண்டுமே கண்ணைப் பொசுக்கும். கட்டியை வாங்கினால் புதிதாகப் பார்த்து வாங்க வேண்டும். காற்றுப் பட்டுத் தானாகவே மாவாக உதிர்ந்த கட்டி பலன் தராது.

தளத்தைச் சுத்தம் செய்ய ஒரு நாள் ஆனது. இந்த வேலையைத்தான் பலர் அவசரமாக முடிப்பார்கள். பாசியின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. மண்ணின் மேலும் ஒட்டாது. ஒரே மாதத்தில் செதில் செதிலாக உரிந்துவிடும். அவள் தகரத் துண்டால் பாசியைச் சுரண்டினாள். கட்டைத் துடைப்பத்தால் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அப்போதுதான் இரண்டு விரிசல்கள் தெரிந்தன. சிமென்டைக் கூழ் போலக் கரைத்து அவற்றில் தேய்த்து அடைத்தாள். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் காய்ந்த இலை அடைத்திருந்தது. அதையும் எடுத்தாள். போன மழைக்காலத்தில் அறையின் மூலையில் ஏன் ஒழுகியது என்பதும் அன்று தெரிந்தது.

அடுத்தது சுண்ணாம்பை நீற்றுவது.

பழைய இரும்பு டிரம் ஒன்று இருந்தது. அதுவே சரி. பிளாஸ்டிக் வாளி கூடாது. சூட்டில் இளகிவிடும். அலுமினியப் பாத்திரமும் கூடாது. சுண்ணாம்பு அதை அரித்துவிடும். குறுகிய வாய் உள்ள பானையோ மூடிய டப்பாவோ கூடவே கூடாது. ஆவி போக வழியில்லாமல் வெடித்துச் சிதறும்.

முதலில் தண்ணீர். பிறகுதான் சுண்ணாம்பு. டிரம்மில் சுண்ணாம்பைப் போட்டுவிட்டு அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொஞ்சத் தண்ணீர் படும்போது சுண்ணாம்பு சட்டென்று பொங்கி முகத்தில் அடிக்கும். 1 கிலோ சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர் கணக்கு. 3 கிலோவுக்கு 15 லிட்டர். டிரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. கட்டிகளை ஒவ்வொன்றாக, நீளக் கரண்டியில் வைத்து மெதுவாக இறக்க வேண்டும். முதல் கட்டி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. ஆனாலும் தளதளவென்று கொதிக்கும்.

இந்த அதிசயத்தைப் பார்க்கத்தான் பையன் வந்தான். அவனுக்குப் பத்து வயது. “கிட்டே வராதே” என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். அவள் திரும்பி அடுத்த கட்டியை எடுத்த நேரத்தில் அவன் ஒரு கட்டியைக் கையில் எடுத்தான். மேலேயிருந்து டிரம்முக்குள் போட்டான்.

சுண்ணாம்பு நீர் தெறித்தது. அவன் இடது கண்ணில் விழுந்தது.

அலறினான். கையால் கண்ணைக் கசக்கப் போனான். அம்மா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கீழே உட்கார வைத்தாள். தலையை இடது பக்கம் சாய்த்தாள். கெட்ட நீர் அடுத்த கண்ணுக்குப் போகாமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டும். விரலால் இமையை விரித்துப் பிடித்தாள். சொம்பில் தண்ணீர் எடுத்து மூக்கின் பக்கமிருந்து ஊற்றினாள். மறுபடியும் ஊற்றினாள்.

பாட்டி ஓடிவந்தாள். “எண்ணெய் ஊற்றடி! தேங்காய் எண்ணெய் கொண்டு வருகிறேன். இல்லாவிட்டால் கொஞ்சம் தாய்ப்பால் விடு.”

“வேண்டாம் அத்தை. தண்ணீர்தான். குடத்தை இப்படி நகர்த்துங்கள். அவரைக் கூப்பிடுங்கள், ஆட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.”

எண்ணெயும் கூடாது. தாய்ப்பாலும் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், நெய், எலுமிச்சை எதுவும் கூடாது. நல்ல தண்ணீர் ஒன்றுதான். சுண்ணாம்பு கண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே அரித்துக்கொண்டே போகும். அதனால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்பே கழுவத் தொடங்க வேண்டும். குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். மேல் இமையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதன் அடியில் சுண்ணாம்புத் துகள் ஒளிந்திருக்கும். இருந்தால் ஈரமான சுத்தத் துணியின் நுனியால் ஒற்றி எடுக்க வேண்டும். எரிச்சல் நின்றுவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. கழுவிய பிறகு கட்டாயம் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டு குடமும் காலியாயின. பக்கத்து வீட்டிலிருந்து மூன்றாவது குடம் வந்தது. ஆட்டோவில் போகும்போதும் அவள் சொம்பும் கையுமாகவே இருந்தாள். மருத்துவமனையில் மறுபடியும் கழுவினார்கள். சொட்டு மருந்து போட்டார்கள். கருவிழி தப்பியது. ஒரு வாரம் கண் சிவந்திருந்தது. பிறகு சரியானது.

வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பும் இதே சுண்ணாம்புதான். சின்னப் பிளாஸ்டிக் பையில் வருவதைக் குழந்தை அழுத்தினால் அது பீறிட்டுக் கண்ணில் அடிக்கும். இப்படிப் பார்வை இழந்த குழந்தைகள் இந்தியாவில் பலர். அந்த வீட்டில் பாட்டியின் சுண்ணாம்பு டப்பா அன்று முதல் பரணுக்குப் போனது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் கோபமாக இருந்தார். “அந்தச் சுண்ணாம்பைக் கொண்டுபோய்க் கொட்டு. வெயில் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது” என்றார்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. டிரம்மின் மேல் பலகையைப் போட்டு அதன் மேல் கல்லை வைத்தாள். இரவு சாப்பாடு முடிந்த பிறகு சொன்னாள். “தப்பு என் மேல்தான். கட்டிகளை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். நாளைக்கு அவன் என் தங்கை வீட்டில் இருக்கட்டும். நீங்கள் எனக்குத் துணைக்கு வாருங்கள். பாப்பாவின் முதுகைப் பார்த்தீர்களா?”

அவர் குழந்தையின் முதுகைப் பார்த்தார். வேர்க்குரு சீழ் வைத்திருந்தது. மறுநாள் அவர் ஆட்டோ எடுக்கவில்லை.

நீற்றிய சுண்ணாம்பு 24 மணி நேரம் ஊற வேண்டும். அதற்குள் அது தயிர் போல ஆகிவிடும். அதைக் கலக்கிப் பழைய துணியில் வடிகட்ட வேண்டும். துணியில் தங்கும் கல்லையும் கரியையும் எறிந்துவிடலாம். குழந்தைகள் கைபடாத இடமாகப் பார்த்து எறிய வேண்டும். வடிகட்டியது பால் போல இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தண்ணீர் சேர்க்கலாம். கெட்டியாக அடித்தால் நல்லது என்று நினைப்பது தவறு. கெட்டிப் பூச்சு வெடித்து உரியும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடிப்பதே நிற்கும்.

கையில் ஒட்டாமல் இருக்கக் கோந்து சேர்ப்பார்கள். 10 லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 40 கிராம் கோந்து. வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். அவள் 60 கிராம் வாங்கினாள். சுவருக்கு அடிக்கும்போது நீலமும் போடுவார்கள். கூரைக்கு அது தேவையில்லை. எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு நல்லது.

மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள். காரணம் இருக்கிறது. சுண்ணாம்பு மெதுவாகக் காய வேண்டும். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டுதான் அது கல்லாக இறுகும். அதற்கு ஈரம் வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் ஈரம் பறந்துவிடும். பூச்சு மாவாக நின்று காலில் ஒட்டும். அதனால் தளத்தின் மேல் முதலில் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் தேங்காமல், ஈரம் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பிறகு வெள்ளை.

இருவர் கையிலும் ரப்பர் உறை. காலில் செருப்பு. கண்ணுக்கு இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் போடும் மலிவான கண்ணாடி. பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். நீளக் கைப்பிடி வைத்த துடைப்பத்தால் முதலில் நீளவாக்கில் இழுத்தார்கள். அது காய்வதற்குள் குறுக்குவாக்கில் ஒரு முறை இழுத்தார்கள். அப்போதுதான் இடைவெளி விழாது.

எங்கே தொடங்குவது என்பது முக்கியம். படிக்கட்டிலிருந்து தொடங்கினால் கடைசியில் மூலையில் மாட்டிக்கொள்வோம். தூர மூலையில் தொடங்கிப் படிக்கட்டை நோக்கி வர வேண்டும். அந்த வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. சுண்ணாம்பு பட்ட தளம் வழுக்கும். ஓரத்தில் வேலை செய்யும்போது ஓரத்துக்கு முதுகைக் காட்டவே கூடாது. ஓரத்தைப் பார்த்தபடி நின்று பூசிவிட்டு உள்பக்கமாக நகர வேண்டும். கணவர் அந்தப் பக்கங்களைத் தானே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் லேசாகத் தண்ணீர் தெளித்தார்கள். மாலையில் இரண்டாம் பூச்சு. மிஞ்சிய சுண்ணாம்பு படிக்கட்டுச் சுவருக்குச் சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் பகல். பாட்டி கட்டில் மேல் ஏறி நின்று அறையின் மேல்தளத்தை உள்ளங்கையால் தொட்டாள். முன்பெல்லாம் மாலை நான்கு மணிக்கு அங்கே கையை வைக்க முடியாது. இப்போது வைக்க முடிந்தது. குளுகுளு என்று இல்லை. மேற்குச் சுவர் இன்னும் சுடத்தான் செய்தது. மின்விசிறியும் தேவைப்பட்டது. குடிக்கத் தண்ணீரும் அடிக்கடி தேவைப்பட்டது. ஆனால் குழந்தை ஒன்றரை மணி நேரம் தூங்கியது.

எல்லாக் கூரைக்கும் இதே முறை ஒத்துவராது. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் மேல் ஏறவே கூடாது. பார்க்க உறுதியாக இருக்கும். கால் வைத்தால் உடைந்து ஆள் கீழே விழுவார். அதைச் சுரண்டவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தகரத்தில் சுண்ணாம்பு நன்றாக ஒட்டாது. தகரத்துக்கென்று விற்கும் வெள்ளைப் பெயிண்ட் தேவை. ஏணியும் பலகையும் பழக்கமும் உள்ளவர்களைக் கொண்டு அடிப்பதே நல்லது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுச் சொந்தக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். மேலே குடியிருப்பு இருந்தால் கீழ்வீட்டுக்கு இந்தப் பலன் இல்லை.

மாடியில் அப்பளமும் வடகமும் காயவைக்கும் பெண்கள் குஜராத்தில் நிறைய. அவர்கள் கயிற்றுக் கட்டிலில் துணி விரித்து அதன் மேல் போட வேண்டும். பூச்சின் மேல் நேராகப் போட்டால் சுண்ணாம்பு உணவில் ஒட்டும். அகமதாபாத்தின் பழைய வீடுகளில் மழைநீரைத் தரைக்கு அடியில் தொட்டியில் சேமிக்கும் வழக்கம் உண்டு. அப்படிச் சேமிக்கும் வீடுகளில் முதல் மழைகளின் நீரை வெளியே விட்டுவிட வேண்டும்.

மழைக்காலம் பூச்சைக் கொஞ்சம் கழுவிவிடும். தூசியும் படியும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் வெயில் ஏறுமுன் ஒரு பூச்சு தேவைப்படும். முதல் ஆண்டு போல அவ்வளவு வேலை இருக்காது.

மருமகள் தன் நோட்டில் அன்றிரவு எழுதினாள். எழுத்துக் கூட்டி எழுத நேரமானது. பையன் ஒற்றைக் கண்ணால் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தான்.

“தளம் 12 அடி, 10 அடி. சுண்ணாம்பு 3 கிலோ. கோந்து 60 கிராம். இரண்டு மாலை. அடுத்த வருடம் ஹோலி முடிந்த வாரமே அடிக்க வேண்டும். கண்ணாடி மூன்று வாங்க வேண்டும். தண்ணீர் நான்கு குடம்.”

“மூன்றாவது கண்ணாடி யாருக்கு?” என்று கேட்டான் பையன்.

“தூரமாக நின்று குடத்துக்குக் காவல் இருக்கப் போகிறவனுக்கு” என்றாள் அம்மா.